இரண்டு டன் வண்டி ஒரு மீட்டர் விழுந்தால்

குன்னூர் பெட்போர்டிலிருந்து கீழே இறங்கும் சந்தில் உள்ள ஒரு பட்டறையில், கேத்தி பாலாடாவிலிருந்து கேரட் மூட்டை ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றை, நான் கேட்டுக்கொண்டதற்காகச் சென்ற மாதம் அறுத்துக் காட்டினார்கள். தெளிவாக இருந்திருக்க வேண்டிய எண்ணெய் கறுத்து, நீர்த்து, தீய்ந்த வாடையுடன் தட்டில் வழிந்தது. “இது எண்ணெய் இல்லீங்க சார், கசாயம். சூடு தாங்காம செத்துப்போச்சு” என்றார் மெக்கானிக். தோட்டத்து மண்பாதையில் அந்த வண்டி சில ஆண்டுகளாகப் பட்ட அடி முழுவதும் அந்தக் கறுப்பில் இருந்தது. ஜனவரிதோறும் சவூதி அரேபியப் பாலைவனத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் இரண்டு வாரம் ஓடும் டக்கார் பந்தயத்தில், இதைவிடப் பன்மடங்கு அடியை ஷாக் அப்சார்பர் ஒரே பகலில் வாங்கிக்கொள்கிறது.

பாலைவன நெடுந்தூரப் பந்தயம் என்றதும் எஞ்சினின் வலுவையும் ஓட்டுநரின் துணிச்சலையும் முதலில் சொல்வது வழக்கம். என் கணக்கில் அவை சற்றுப் பின்னால்தான் வரும். விழும் வண்டியின் ஆற்றல் எங்கே போகிறது, நிற்கும் வண்டியின் எடை மணலில் எப்படிப் பரவுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு நல்ல விடை வைத்திருக்கும் அணியின் வண்டிதான் இரண்டாவது வாரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும்.

பந்தயத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1977-இல் மோட்டார் சைக்கிளில் சென்று சகாராவில் வழிதவறி உயிர்பிழைத்த தியெரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர், அடுத்த ஆண்டு டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து செனகலின் தலைநகரான டக்காருக்கு முதல் பந்தயத்தைத் தொடங்கிவைத்தார். வழியில் இருந்த மொரிட்டானியாவில் பாதுகாப்பு கெட்டதால் 2008-இல் பந்தயம் ரத்தானது. 2009 முதல் தென் அமெரிக்காவிலும், 2020 முதல் சவூதி அரேபியாவிலும் அது நடக்கிறது. இடம் மாறினாலும் பெயர் மாறவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். முதன்மைப் பிரிவில் ஓடும் கார் ஏறத்தாழ 2 டன் எடையுள்ளது. அது மணல்மேட்டின் உச்சியைத் தாண்டி 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது அதனிடம் சுமார் 20,000 ஜூல் ஆற்றல் இருக்கும். கீழ்நோக்கிய வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் அந்த வேகத்தை எத்தனை சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்துகிறோம் என்பதில் உள்ளே அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பு அடங்கியிருக்கிறது. விழுந்த உயரத்தை நிறுத்தும் தூரத்தால் வகுத்தால், நிறுத்தும்போது ஏற்படும் சராசரி வேகக்குறைப்பு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது தெரிந்துவிடும். 10 சென்டிமீட்டரில் நின்றால் பத்து மடங்கு. 35 சென்டிமீட்டரில் நின்றால் மூன்று மடங்குக்கும் சற்றுக் குறைவு. 2022 முதல் இந்தப் பிரிவுக் கார்களின் சக்கரம் மேலும் கீழுமாக 350 மில்லிமீட்டர் வரை அசைய விதிகள் இடமளிக்கின்றன. அதற்கு முன்பு நான்கு சக்கர இயக்கமுள்ள கார்களுக்கு 280 மில்லிமீட்டர்தான் கிடைத்தது. கூடுதலாகக் கிடைத்த அந்த 7 சென்டிமீட்டரோடு காரையும் அகலப்படுத்தி, டயரையும் 37 அங்குலமாகப் பெருக்கினார்கள்.

அடியைத் தாங்குவது சுருள்வில் என்று பலர் நினைக்கிறார்கள். சுருள்வில்லோ நம் வண்டிகளின் கமான் பட்டையோ வாங்கிய ஆற்றலைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. கடன் வாங்கியவனைப் போல உடனே திருப்பித் தந்துவிடும். திருப்பித் தந்தால் வண்டி மறுபடி எகிறும். அந்த ஆற்றலைத் தின்று தீர்ப்பது ஷாக் அப்சார்பரின் வேலை. அதன் உள்ளே எண்ணெய் நிரம்பிய குழாயில் ஒரு பிஸ்டன் நகர்கிறது. பிஸ்டனில் சிறு துளைகள் உண்டு. அவற்றை மெல்லிய எஃகு வட்டுகள் மூடியிருக்கும். பிஸ்டன் நகரும்போது எண்ணெய் அந்த வட்டுகளை வளைத்துத் திறந்துகொண்டு, துளைகளின் வழியே பிதுங்கிச் செல்ல வேண்டும். அப்படிப் பிதுங்கும்போது ஏற்படும் உராய்வில் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. புதிய ஷாக்கை மாட்டிய பின் மெக்கானிக் பிக்கப்பின் பின்மூலையை இரு கைகளாலும் அழுத்தி விட்டார். அது ஒருமுறை எழுந்து, லேசாகத் தாழ்ந்து, நின்றுவிட்டது. பழைய ஷாக் இருந்த மறுபக்கத்தை அழுத்தியபோது நான்கு முறை ஆடியது. அந்த மூன்று கூடுதல் ஆட்டங்களும் எண்ணெய் தின்னத் தவறிய ஆற்றலாகும்.

20,000 ஜூல் முழுவதும் 1 லிட்டர் எண்ணெய்க்குள் போனால் அதன் வெப்பநிலை சுமார் 12 டிகிரி உயரும். ஒரு முறை விழுந்தால் அவ்வளவு. நானூறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒருநாள் ஓட்டத்தில் இதற்கு ஈடான அடிகள் ஐந்நூறு விழுவதாகக் கொண்டால், வெப்பமாகும் ஆற்றல் 1 கோடி ஜூல் ஆகிவிடும். சூடாகும் எண்ணெய் நீர்த்துப்போகிறது. நீர்த்த எண்ணெய் துளைகளில் எளிதாகப் புகுந்து ஓடுவதால் ஷாக் தளர்ந்துவிடுகிறது. பிஸ்டன் வேகமாக நகரும்போது அதன் பின்புறத்தில் அழுத்தம் குறைந்து, எண்ணெயில் குமிழிகள் தோன்றும் ஆபத்தும் உண்டு. குமிழியை அமுக்கலாம் என்பதால் அதற்கு எதிர்ப்பு கிடையாது. இதைத் தடுக்கவே ஷாக்குக்குப் பக்கத்தில் ஒரு தனி உருளை பொருத்தி, அதில் நைட்ரஜன் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் அடைத்து, எண்ணெயை எப்போதும் நெருக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். அந்த உருளையில் உள்ள கூடுதல் எண்ணெய் வெப்பத்தைப் பங்கிட்டுக்கொள்ளவும், அதன் வெளிப்பரப்பு வெப்பத்தைக் காற்றில் விடவும் உதவுகின்றன. பெரிய அணிகளின் சில கார்களில் ஒரு சக்கரத்துக்கு இரண்டு ஷாக்குகள் இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

நீலகிரியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்த வெப்பக் கணக்கு வேறு வடிவில் பழக்கமானது. 12 டன் எடையுள்ள பேருந்து குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது சுமார் 1,500 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அந்த ஆற்றல் ஏறக்குறைய 17 கோடியே 60 லட்சம் ஜூல். 550 லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அது பிரேக் வழியாகவே போயாக வேண்டும் என்றால் லைனர் தீய்ந்துவிடும். அதனால்தான் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்கிறார்கள். பெரும்பகுதி ஆற்றலை எஞ்சின் வாங்கிக்கொள்கிறது. ஷாக் அப்சார்பருக்கு அப்படிப் பங்காளி யாரும் இல்லை என்பதுதான் அதன் துயரம்.

இனி மணல். ஆடி மழையில் பாலாடா வயலோரத்தில் பிக்கப் சேற்றில் புதைந்தால், ஓட்டுநர் முதலில் குனிந்து வால்வில் குச்சியை வைத்து அழுத்திக் காற்றை இறக்குவார். ஒரு சக்கரத்தின்மேல் 500 கிலோ எடை இருப்பதாகவும், டயரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ காற்றழுத்தம் இருப்பதாகவும் கொண்டால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 250 சதுர சென்டிமீட்டராக இருக்கும். அழுத்தத்தைப் பாதியாக்கினால் பரப்பு 500 ஆகும். மணல் தாங்க வேண்டிய அழுத்தமும் பாதியாகிவிடுகிறது. பரப்பு பக்கவாட்டில் பெருகுவதைவிட நீளவாட்டில்தான் அதிகம் பெருகுகிறது என்பதால், டயர் தன் முன்னால் மணலைக் குவித்து அதன்மீது ஏற முயல்வதற்குப் பதிலாக, நீண்ட பாதம்போல் மிதித்துச் செல்கிறது.

இதை முறையாக ஆராய்ந்த முன்னோடி, பிரிட்டிஷ் இராணுவப் பொறியாளரான ரால்ஃப் பேக்னால்டு. 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைக் கடந்த அவர், டயரில் காற்றைக் குறைத்து மணல்மேடுகளில் ஏறிக் காட்டினார். கொதிக்கும் ரேடியேட்டரின் ஆவியை ஒரு தண்ணீர்க் கலத்துக்குள் விட்டுக் குளிர்வித்து, அந்த நீரையே மீண்டும் பயன்படுத்தினார். மலையேறும்போது ரேடியேட்டர் கொதித்து, ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றிய பழைய பேருந்துகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கலத்தின் அருமை புரியும். பாலைவனத்தில் மொண்டு ஊற்ற ஓடை கிடையாது. மணல்மேட்டின் காற்றடிக்கும் பக்கம் சரிவு குறைந்தும், மணல் இறுகியும் இருக்கும். மறுபக்கம் 32 முதல் 34 டிகிரி வரை செங்குத்தாகவும் பொலபொலவென்றும் இருக்கும். உலர்ந்த மணல் சரியாமல் நிற்கக்கூடிய எல்லை அந்தக் கோணம்தான். உச்சிக்கு வேகமாக ஏறி, அங்கே வேகத்தைத் தணித்து, மறுபக்கம் நேராக இறங்க வேண்டும். பக்கவாட்டாக இறங்கினால் வண்டி உருளும்.

காற்றைக் குறைப்பதற்கு விலை உண்டு. தளர்ந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி நிமிர்வதால் சூடாகிறது. மணல் முடிந்து கூர்கற்கள் வந்தால் எளிதில் கிழிகிறது. மோட்டார் சைக்கிள்கள் இந்தச் சிக்கலைத் தவிர்க்க, டியூபுக்குப் பதிலாக டயருக்குள் வளையமான ஒருவகை நுரைப்பஞ்சைப் பொருத்துகின்றன. அதற்குப் பஞ்சர் பயமில்லை. ஆனால் நீண்ட நேரம் வேகமாக ஓடினால் சூட்டில் அதுவும் நொறுங்கிவிடும்.

இங்கே ஒரு சிறு விலகல். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் 30 பிஎஸ்ஐ காற்றடித்து ஊட்டிக்கு ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 3 பிஎஸ்ஐ குறைவதால் அளவி 33 காட்ட வேண்டும். ஊட்டியில் டயர் 15 டிகிரிக்குக் குளிர்ந்த பிறகு பார்த்தால், குளிரால் ஏற்படும் சுருக்கம் அதே 3-ஐ எடுத்துக்கொள்ள, அளவி மறுபடி 30-லேயே நிற்கும். மலை கொடுத்ததைக் குளிர் பறித்துவிடுகிறது. பாலைவனத்தில் இந்தச் சமரசம் நடக்காது. விடியற்குளிரில் வைத்த அழுத்தம் நண்பகல் ஓட்டத்தில் ஏறிக்கொண்டே போகும் என்பதால், அணிகள் அந்த ஏற்றத்தையும் முன்கூட்டியே கணித்துக் காற்றைக் குறைத்து வைக்கின்றன.

வழிகாண்பது தனிக் கலை. போட்டியாளரிடம் வரைபடம் இருக்காது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் தூரம், ஒரு சிறு படம், குறிப்பு என வரிசையாக அமைந்த வழிக்குறிப்பேடுதான் இருக்கும். ஆபத்து கூடக்கூட ஆச்சரியக்குறிகள் ஒன்றிலிருந்து மூன்று வரை பெருகும். தடமே இல்லாத இடங்களில் திசைகாட்டியின் டிகிரி மட்டும் தரப்படும். அதில் 1 டிகிரி பிசகினால் 10 கிலோமீட்டரில் 175 மீட்டர் விலகிவிடுவோம். கடந்தாக வேண்டிய மறைவான இடத்துக்கு மிக நெருக்கமாக வந்த பிறகுதான் செயற்கைக்கோள் கருவி அதைக் காட்டும். முன்பெல்லாம் ஏட்டை முந்திய நாளே கொடுத்துவிடுவார்கள். வசதியான அணிகள் செயற்கைக்கோள் படங்களை வைத்து இரவெல்லாம் ஆராய்ந்து குறிப்பெழுதத் தனி ஆட்களை அமர்த்தியிருந்தன. அண்மை ஆண்டுகளில் புறப்படும் காலையில்தான் ஏடு கைக்கு வருகிறது. பணத்தின் பலத்தை ஒரு நேரமாற்றத்தாலேயே குறைத்த நல்ல விதி இது.

இந்தியர்களில் இந்தப் பந்தயத்தை முதலில் முடித்தவர் சி. எஸ். சந்தோஷ், ஆண்டு 2015. கேரளத்தைச் சேர்ந்த ஹாரித் நோவா, ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டிவிஎஸ் நிறுவனம் பிரான்சின் மோட்டார் சைக்கிள் நிறுவனமான ஷெர்கோவுடன் இணைந்து நடத்திய அணிக்காக ஓட்டி, 2024-இல் ராலி 2 எனப்படும் இரண்டாம் நிலைப் பிரிவில் முதலிடமும் மொத்தத்தில் பதினோராம் இடமும் பெற்றார். இந்த மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் 450 சிசியைத் தாண்டக் கூடாது என்ற விதி 2011 முதல் உள்ளது. தென் அமெரிக்கக் காலத்தில் பொலிவியாவின் 3,600 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், அந்தச் சிறிய எஞ்சின்களும் மூச்சு வாங்கின. ஊட்டி ஏற்றத்தில் பழைய ஸ்கூட்டர்கள் திணறுவதும் அதே காரணத்தால்தான்.

ஓட்டுநர் மாலையில் முகாமுக்கு வந்து சேரும்போதுதான் மெக்கானிக்குகளின் நாள் தொடங்குகிறது. ஷாக், அச்சுத்தண்டு, காற்று வடிகட்டி போன்றவற்றைப் பழுதாகும்வரை விட்டுவைக்காமல், ஓடிய தூரத்தை வைத்தே மாற்றிவிடுகிறார்கள். பழுதைக் கண்டுபிடிக்கும் நேரத்தில் பாதி வண்டியை மாற்றிவிடலாம் என்பது நடைமுறை ஞானம். சில கட்டங்களில் இந்த உதவியும் மறுக்கப்படும். 2024-இல் அறிமுகமான 48 மணிநேரக் கட்டத்தில், மாலை 4 மணிக்குப் பிறகு அடுத்து வரும் சிறு முகாமில் ஒவ்வொருவரும் நின்றுவிட வேண்டியிருந்தது. அங்கே அணியின் மெக்கானிக் இருக்கவில்லை. ஒரே ஒரு பெட்டியில் கருவிகளையும் உதிரிகளையும் வைத்துக்கொண்டு, பந்தயம் முழுவதும் தன் பைக்கைத் தானே பழுதுபார்க்கும் தனிப்பிரிவும் உண்டு. எனக்கு அந்தப் பிரிவின்மீதுதான் மதிப்பு அதிகம்.

மற்ற அணிகளின் மெக்கானிக்குகள் விடிவதற்குள் வேலையை முடித்து, லாரிகளில் ஏறித் தார்ச்சாலை வழியாக அடுத்த முகாமுக்குப் போய்விடுகிறார்கள். மணல்மேட்டில் தங்கள் வண்டி பறப்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அன்றைய தடம் எப்படி இருந்தது என்பதை மாலையில் வண்டியிடமே கேட்டுக்கொள்கிறார்கள்: அடித்தகட்டில் விழுந்த கீறல்களின் ஆழத்தில், வடிகட்டியைத் தட்டும்போது உதிரும் தூசியில், ஷாக்கிலிருந்து வடித்த எண்ணெயின் நிறத்தில்.