தூரத்தை வகுத்தால் பயண நேரம் வராது

விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் பலர், போக வேண்டிய ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று இணையத்தில் பார்த்து, அதை 900-ஆல் வகுத்து, ஒரு மணிக்கணக்கோடு வந்து உட்காருவார்கள். பயணிகள் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் போகும் என்பது சரிதான். ஆனால் கணக்கு ஒத்துவராது.

இணையம் காட்டும் தூரம், பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வழி. விமானம் அந்த வழியில்தான் போகும் என்று யாரும் சொல்லவில்லை. 2022 தொடக்கம் வரை ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யாவின் மேலே பறந்து ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடலாம். ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பிறகு, சுற்றிக்கொண்டு போக ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகிறது.

அப்புறம் காற்று. லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறத்தாழ எட்டு மணி நேரம். திரும்பி வர ஏழு மணி நேரம் போதும். மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றுதான் காரணம். 2020 பிப்ரவரியில் புயலோடு வந்த காற்று தள்ளிவிட்டதில், ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் லண்டனில் இறங்கிவிட்டது! குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் கூடும்.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் படிப்பதிலும் குழப்பம் உண்டு. புறப்படும் நேரம் ஏறுகிற ஊர்க் கடிகாரப்படி, சேரும் நேரம் இறங்குகிற ஊர்க் கடிகாரப்படி. டோக்கியோவில் மாலையில் ஏறினால் லாஸ் ஏஞ்சலஸில் அதே தேதியின் காலையில் இறங்குவீர்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்காமல், மொத்தப் பயண நேரம் என்று தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்கள். சேரும் நேரத்தின் பக்கத்தில் +1 இருந்தால் மறுநாள் என்று பொருள். அதைக் கவனிக்காமல் உறவினரை ஒருநாள் முன்னதாகவே விமான நிலையத்துக்கு வரச் சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

நான் கண்டிப்பாகப் பேசுவது ஒரு விஷயத்தில்தான். வழியில் விமானம் மாற வேண்டியிருந்தால், மலிவு என்று இரண்டு விமானங்களுக்கும் தனித்தனி டிக்கெட் போடாதீர்கள். முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது நிறுவனம் உங்களுக்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை; அந்தப் பணம் போனதுதான். பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். அதற்காகக் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டுமென்றால், சில நாடுகளில் விசாவும் கேட்பார்கள். ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், முழுப் பயணமும் இருந்தால், இணைப்பு விமானம் தவறினாலும் பெரும்பாலும் அடுத்ததில் இடம் கொடுப்பார்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இடையிடையே எழுந்து நடங்கள். முன்பே அந்தத் தொந்தரவு இருந்தவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு டிக்கெட்டுக்கு வாருங்கள்.

இறங்குகிற அன்றைக்கே நேர்காணலோ தேர்வோ இருந்தால் என்னிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒருநாள் முன்னதாகவே போட்டுவிடலாம்.