வேப்பிலைச் சாறு பட்டதும் வெள்ளிக் கரைசல் ஏன் பழுப்பாகிறது?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மகள் கல்லூரி ப்ராஜெக்டுக்கு வேப்பிலையில் வெள்ளி நானோ துகள் செய்கிறாள். வெள்ளி எப்படிப் பழுப்பாகும்? மாரியம்மன் கோயில் மரத்து இலைதான் வேண்டும் என்கிறார் மாமியார், சரியா?"

செய்முறையில் பெரிதாக ஒன்றுமில்லை. இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, நீர்த்த சில்வர் நைட்ரேட் என்கிற வெள்ளி உப்புக் கரைசலில் ஊற்ற வேண்டும். சாற்றிலுள்ள பாலிஃபீனால் போன்ற தாவரச் சேர்மங்கள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக்கும். பள்ளியில் படித்த ஒடுக்க வினைதான். அதே சாறு துகள்மேல் படிந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமலும் காக்கும். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழு 2004-லேயே வேப்பிலையில் இதைச் செய்துவிட்டது.

சரி, நிறத்துக்கு வருவோம். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் கட்டில்லாமல் திரியும். துகள் 20 நானோமீட்டராகச் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சிறுத்தால் அத்தனையும் சின்ன இடத்தில் அடைபட்டுப்போகும். ஒளியின் மின்புலம் தள்ள, மொத்தமாக ஒரு பக்கம் சாயும். எதிர்ப்பக்கத்தில் மிஞ்சிய நேர்மின்சுமை திரும்ப இழுக்கும். இந்த ஊசலாட்டத்துக்கென்று ஒரு தாளம் உண்டு. இடுப்புக் குடத்துத் தண்ணீர் நம் நடையோடு தாளம் சேர்ந்தால்தானே தளும்பி வழியும், அது மாதிரி. வெள்ளித் துகளோடு தாளம் சேர்வது 400 முதல் 450 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஊதா, நீல ஒளி. துகள் அதை விழுங்கிவிட, மிச்சம் மஞ்சளாகவும் பழுப்பாகவும் கண்ணுக்கு வருகிறது. தங்கத்துக்கு இது 520 பக்கம். பச்சை போய்ச் சிவப்பு நிற்கும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோ துகள்தான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத சங்கதி இது.

மருத்துவத்தில்? வெள்ளி அயனி பாக்டீரியாப் புரதங்களின் கந்தகத்தைப் பிடித்து அவற்றை முடக்கும். காயக் கட்டுகளில் நானோ வெள்ளி ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. இலைவழித் துகள்களோ பெரும்பாலும் ஆய்வகத் தட்டைத் தாண்டவில்லை. மண், பருவம், இலையின் முற்றல் மாறினால் சாறு மாறும், துகளும் மாறும். அந்த அளவில் மரத்துக்கு மரம் வித்தியாசம் உண்டு. கோயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மருந்தென்றால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்தாக வேண்டும். துளசி, முருங்கை, கறிவேப்பிலை என்று இலை மாற்றி இலை ஆய்வுக்கட்டுரை போடுவதற்குத் தரும் மானியத்தை, ஒரே இலையில் எந்த மூலக்கூறு வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பவருக்குத் தரலாம் என்பது என் கட்சி.

அப்புறம், "சர்வரோக நிவாரணி" என்று விற்கும் வெள்ளித் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம். தொடர்ந்து குடித்தால் வெள்ளி தோலில் படிந்து நீலச்சாம்பல் நிறமாக்கும். ஆர்ஜீரியா என்கிற இந்தப் பாதிப்பு வந்தால் பெரும்பாலும் போகாது.