தறிக்குடோன் லேப்டாப்பும் பதினொன்றாம் வாய்ப்பாடும்

சோமனூர்ப் பக்கம் தறிக்குடோன் வைத்திருக்கும் என் மாமாவிடமிருந்து ஒருநாள் காலையில் போன். "மாப்ள, லேப்டாப் செத்துப்போச்சு. அஞ்சு வருசத்துப் பாவுநூல் கணக்கு, கூலி பில்லு அத்தனையும் அதுக்குள்ளதான் கெடக்குது. போச்சா?"

"சார்ஜர் போட்டா லைட் எரியுதுங்களா மாமா?"

"ஒண்ணும் எரியல."

"அப்படின்னா கணக்கு அனேகமா பத்திரமா இருக்குமுங்க. மோட்டார் எரிஞ்சா கெணத்துத் தண்ணி எங்கீங்க போகும்?"

தோட்டமும் வைத்திருப்பவர் என்பதால் சட்டென்று பிடிபட்டது. சார்ஜரிலிருந்து வருவது ஏறக்குறைய 19 வோல்ட். எல்லாப் பாகங்களும் இணையும் பெரிய பலகையான மதர்போர்டு அதை 5, 3.3, 1 வோல்ட் என்று படிப்படியாகக் குறைத்து ஒவ்வொரு பாகத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. அந்தப் பாதையில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனாலும் போதும், மொத்த லேப்டாப்பும் படுத்துவிடும். ஆனால் ஃபைல்கள் இருக்கும் இடம் வேறு. அதற்குக் கரண்ட் வரவில்லையே தவிர, எழுதியது எதுவும் அழியவில்லை.

கழற்றுவதற்கு முன் சில்லறை வைத்தியம் இரண்டு உண்டு. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்தால், உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்து சில லேப்டாப்கள் எழுந்துகொள்ளும். விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் ஹெச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்துப் பார்க்கலாம். மாமாவுடையது இரண்டுக்கும் அசையவில்லை. பின்மூடியைத் திறந்தபோது விசிறியைச் சுற்றி ஒரு சின்னத் தலையணைக்கு ஆகும் அளவு பஞ்சு. குடோனிலேயே வைத்துக் கணக்கு எழுதினால் வேறென்ன ஆகும்?

பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு பார்க்க வேண்டியது, ஃபைல்களை வைத்திருக்கும் டிரைவ் எந்த வகை என்பதைத்தான். பழைய லேப்டாப் என்றால் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதைக் கழற்றி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி வயரில் மாட்டினால் வேறொரு கம்ப்யூட்டரில் பென் டிரைவ் போலத் திறந்துகொள்ளும்.

டிஸ்க்கே பழுதென்றால் கதை வேறு. உள்ளே கண்ணாடி போல மின்னும் தட்டு, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. அதன் விளிம்பு மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதன்மேல் படிக்கும் முனை தொடாமல், காற்றின் மெத்தையில் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு பருத்தி இழையின் தடிமன் சுமார் 15,000 நானோமீட்டர். குடோனில் பறக்கும் ஒரே ஒரு பஞ்சிழை, அந்த முனைக்கு மலை. அதனால்தான் டிஸ்க்கின் மூடியை வீட்டில் திறக்கவே கூடாது. 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் கேட்டால், முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறுகிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு, தூசியில்லா அறை வைத்திருப்பவர்களிடம் கொடுப்பதுதான் வழி. இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று ஓட்டிப் பார்ப்பவர்கள் தட்டைச் சுரண்டித்தான் தீர்ப்பார்கள். ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கச் சொல்லும் வைத்தியர்களும் உண்டு. வெளியே எடுத்ததும் உள்ளே நீர்த்துளி படியும், அவ்வளவுதான் லாபம்.

மாமாவுடையது எஸ்எஸ்டி, சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதிவைக்கும் வகை. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு பச்சைப் பட்டை, ஒரே ஒரு ஸ்க்ரூ. சில மெல்லிய லேப்டாப்களில் இது மதர்போர்டோடு சேர்த்தே ஈயம் வைத்திருக்கும், அப்போது போர்டைப் பிழைக்க வைக்காமல் கதியில்லை. இங்கே கழன்று வந்தது. அதற்கான யுஎஸ்பி உறையில் போட்டு என் லேப்டாப்பில் செருகினேன். டிரைவ் தெரிந்தது, மேலே ஒரு பூட்டுப் படத்தோடு. 48 இலக்க மீட்புச் சாவி கொடு என்றது.

விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே டிரைவ் முழுவதும் தானாகக் குறியாக்கம் ஆகி, சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டின் சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற சிப்பின் பொறுப்பில் இருக்கிறது. தினமும் சத்தமில்லாமல் திறந்துவிடுவது அதுதான். டிரைவை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் சிப்புக்கும் டிரைவுக்கும் உறவு அறுந்துபோகிறது. திருடனுக்கு வைத்த பூட்டு, வீட்டுக்காரனையும் வாசலில் நிறுத்துகிறது. சாவி இல்லையென்றால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. திறக்கிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாமா எந்தச் சாவியையும் பார்த்ததே இல்லை என்றார். சரி, லேப்டாப் வாங்கியபோது செட் பண்ணிக் கொடுத்தது யார்? பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன். சாவி அவனுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிப்பாகி இருந்தது. "எழுதிக்க மச்சான்" என்று ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி படித்தான். அடித்தேன். திறக்கவில்லை.

இந்தச் சாவியில் ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு ஆறு இலக்கத் தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். உதாரணத்துக்கு 418033. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டுங்கள்: 4+8+3 பதினைந்து, 1+0+3 நான்கு. வித்தியாசம் 11, ஆகவே வகுபடும். ஒரே ஒரு இலக்கம் தவறினாலோ, அடுத்தடுத்த இரண்டு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறினாலோ இந்தக் கணக்கு உடைந்துவிடும். 48-ஐயும் மறுபடி படிக்கச் சொல்லாமல் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தேன். ஐந்தாவது தொகுதி வகுபடவில்லை. அதை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னேன்.

"அட, மூணை எட்டுன்னு சொல்லிட்டேன் மச்சான்."

திருத்தி அடித்ததும் பூட்டு திறந்தது. ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"காப்பியெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம் மாப்ள. மொதல்ல அந்த ஈரோட்டுப் பார்ட்டி பாக்கி எவ்வளவுன்னு பாரு."