ஓடும் கோட்டைக் கவனியுங்கள்

எக்செல்லில் ஒரு கட்டத்தைத் தேர்ந்து கண்ட்ரோல்-சி அழுத்தியதும் அதைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு ஓடத் தொடங்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். காப்பி செய்தது சில நேரம் பேஸ்ட் ஆகாது; ஏன் என்ற கேள்விக்குப் பாதி பதில் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

நோட்பேடில் காப்பி செய்த எழுத்து அப்போதே கிளிப்போர்டுக்கு, அதாவது காப்பி செய்ததைக் கணினி தற்காலிகமாக வைத்திருக்கும் இடத்துக்குப் போய்விடும். நோட்பேடை மூடினாலும் அது அங்கே இருக்கும். எக்செல் கட்டத்தின் கதை வேறு. அதற்குள் மதிப்பு, ஃபார்முலா, நிறம், எண்ணின் வடிவம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. எங்கே ஒட்டப்போகிறோம் என்று தெரியாமல் அத்தனையையும் தயாரித்து வைப்பது வீண் வேலை. அதனால் "கேட்கும்போது தருகிறேன்" என்று எக்செல் ஒரு வாக்கு மட்டும் கொடுத்து வைக்கிறது. கோடு ஓடும்வரை அந்த வாக்கு செல்லும்.

எஸ்கேப் தட்டினால் கோடு நின்றுவிடும். பழைய பதிப்புகளில் இடையில் வேறொரு கட்டத்தில் ஓர் எழுத்து தட்டினாலே போதும், காப்பி போய்விடும். புதியவை அதைப் பொறுத்துக்கொள்கின்றன. கண்டுபிடிக்கக் கடினமானது மேக்ரோதான், அதாவது கோப்புக்குள் எழுதி வைத்த, தானாக ஓடும் சிறு நிரல். கட்டம் மாறும்போதெல்லாம் ஓடும் மேக்ரோ கோப்பில் இருந்தால், ஒட்டவேண்டிய இடத்தைக் கிளிக் செய்த நொடியிலேயே காப்பி ரத்தாகிவிடலாம். ஒரே ஒரு கோப்பில் மட்டும் பேஸ்ட் மறுத்தால் என் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

சரி, கோடு ஓடுகிறது, ஆனாலும் ஒட்டவில்லை என்றால்? நோட்பேடைத் திறந்து அங்கே ஒட்டிப் பாருங்கள். அங்கே வந்துவிட்டால் சிக்கல் ஒட்டும் இடத்தில்: தாள் பூட்டப்பட்டிருக்கலாம், இணைத்த கட்டங்கள் குறுக்கே இருக்கலாம். அங்கேயும் வராவிட்டால் விசைப்பலகையையோ கிளிப்போர்டையோ பார்க்க வேண்டும். விண்டோஸில் கிளிப்போர்டை ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் திறந்து வைத்திருக்க முடியும். காப்பி செய்தவற்றைச் சேமித்து வைக்கும் செயலியோ, தொலைவிலுள்ள கணினியோடு இணைக்கும் செயலியோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் எக்செல் காத்து நிற்கும். அவற்றை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்.

ஒட்டியும் விடை தவறாக வருவது தனிக் கதை. சி1இல் =ஏ1+பி1 என்று எழுதினால், "இடப்பக்கம் இரண்டாவது, இடப்பக்கம் முதலாவது" என்றுதான் எக்செல் அதைப் புரிந்துகொள்கிறது. அதை சி5இல் ஒட்டினால் ஏ5+பி5 ஆகிவிடும். ஏ நெடுவரிசையில் ஒட்டினால் இடப்பக்கம் கட்டமே இல்லை, பிழைதான் வரும். முகவரி மாறக்கூடாதென்றால் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் டாலர் குறி போடுங்கள். விடை மட்டும் போதுமென்றால் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-வி; கூகுள் ஷீட்ஸிலும் எக்செல்லின் புதிய பதிப்புகளிலும் இது உண்டு.

அப்புறம், முழு நெடுவரிசையைக் காப்பி செய்து இரண்டாம் வரியில் ஒட்டப் பார்க்காதீர்கள். எக்செல் தாளில் இருப்பது 10,48,576 வரிகள், கடைசிக் கட்டத்துக்கு இடமே இருக்காது.