ஜீப்பைத் தூக்கு முன் டயரை அளந்து பாருங்கள்

ஞாயிறு இரவு பத்து மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். "அண்ணே, வண்டி பார்க்கிங்குக்குள்ள போகுதில்ல. செக்கியூரிட்டி விடமாட்டன் எண்டு நிக்கிறார்."

அவருடையது டொயோட்டா பிராடோ 150 ஜீப். இரண்டு நாள் ஓரிடத்தில் விட்டு 3 அங்குலம் தூக்கி, பெரிய டயர் போட்டு, கூரைக்கு மேல் சாமான் வைக்கும் ரெக் ஒன்றும் பூட்டி அன்றைக்குத்தான் எடுத்து வந்திருக்கிறார். அவர் இருக்கும் ஃப்ளட்டின் கீழ்த்தளப் பார்க்கிங் வாசலில் 2.1 மீற்றர் என்று எழுதியிருக்கிறது. வண்டியின் சொந்த உயரம் ஏறக்குறைய 1.89 மீற்றர். தூக்கியதில் 7.6 சென்ரிமீற்றர், டயரில் 2.7 சென்ரிமீற்றர், ரெக் ஒரு 12 சென்ரிமீற்றர். கூட்டினால் 2.1ஐத் தாண்டிவிடும். அன்றிரவு வண்டி வீதியோரம் நின்றது. மறுநாள் காலை என் கராஜுக்கு வந்தது.

கிராண்ட்பாஸ் பக்கம் சின்னக் கராஜ் ஒன்று வைத்து இருபது வருடத்துக்கு மேலாக வண்டிகளுக்கு அடியில் படுத்து எழும்புகிறேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல் திரும்பவும் திறக்கும்வரை புது வண்டி எடுக்க வழியில்லாமல் இருந்தது. அதனால் பலர் கையில் இருந்த ஜீப்பையும் டபுள் கேப்பையும் அலங்கரிக்கத் தொடங்கினார்கள். ஆசையில் தவறில்லை, எனக்கும் உண்டு. ஆனால் அந்த நாட்களுக்குப் பிறகு நான் தூக்கிக் கொடுத்த வண்டிகளை விட, பிறர் தூக்கியதை இறக்கிக் கொடுத்த வண்டிகள்தான் அதிகம். அவற்றில் பெரும்பாலானவற்றில் பிழை ஒன்றுதான். முதலில் எத்தனை அங்குலம் தூக்குவது என்று முடிவு செய்து, அதற்குப் பிறகு டயர் தேடியிருக்கிறார்கள். முதலில் பாதை, அடுத்தது டயர், அந்த டயருக்குத் தேவையான அளவுக்கு மட்டும் உயரம். அதுதான் வரிசை.

வண்டியைத் தூக்கினால் கல்லில் அடிபடாது என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. பிராடோவின் பின்பக்கம் சக்கரத்துக்குச் சக்கரம் ஒரே இரும்பு அச்சு. நடுவில் டிஃப், அதாவது எஞ்சினின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, குண்டாகத் தொங்கும். ஸ்பிரிங் மாற்றி 3 அங்குலம் தூக்கும்போது பொடியும் சேசிஸும் மேலே போகும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். டிஃப்புக்கும் நிலத்துக்கும் இடையில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றர்கூட அதிகரிக்காது. அதைக் கூட்டுவது டயர் மட்டும்தான், அதுவும் டயரின் விட்டம் கூடுவதில் பாதி. 265/65R17 என்ற கம்பனி டயரின் விட்டம் 776 மில்லிமீற்றர். 285/70R17 போட்டால் 831. வித்தியாசம் 55, டிஃப் உயர்வது 27 மில்லிமீற்றர். அந்தத் தம்பி செலவழித்த தொகைக்கு, கல்லில் முதலில் அடிபடும் உறுப்புக்குக் கிடைத்தது ஒரு பெருவிரல் அகலம். ஸ்பிரிங்கைத் தூக்குவதால் வேறு நன்மை உண்டு: பம்பரின் முனை ஏற்றத்தில் மோதாது, வயிற்றுப் பகுதி மேட்டில் தட்டாது, பெரிய டயருக்கு மட்காட்டுக்குள் இடம் கிடைக்கும். அவ்வளவுதான்.

இந்த எண்களை நீங்களே கணக்குப் போடலாம். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. மூன்றாவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 265இல் 65 வீதம் 172. மேலும் கீழும் இரண்டு சுவர், ஆக 344. 17 அங்குல ரிம் 432. கூட்டுங்கள். கடைக்குப் போகு முன் வீட்டிலேயே கைபேசியில் இதைச் செய்து பார்த்தவர்கள் என்னிடம் வந்து அழுவது குறைவு.

டயர் பெரிதானால் வண்டிக்கு என்ன ஆகும்? 776ஐ 831 ஆக்கினால் சுற்றளவு 7 வீதம் கூடும். எல்லா கியரும் 7 வீதம் நீண்டதுபோல ஆகிவிடும். கடுகண்ணாவ ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஏறிய வண்டி இரண்டைக் கேட்கும். பாரமான ஓஃப்ரோட் டயர் என்றால் ஒரு சக்கரத்துக்கு ஏழெட்டுக் கிலோ கூடுதலாகச் சுழல வேண்டும், நிற்கவும் வேண்டும். பிரேக் பழையதுதான், ஆனால் நிறுத்த வேண்டிய சக்கரம் பெரிது. வீதியில் முதலில் தெரிவது இந்தப் பிரேக் வித்தியாசம்தான், ஏனோ யாரும் அதைப்பற்றிக் கேட்பதில்லை. மீட்டரும் மாறும். 70 என்று காட்டும்போது உண்மை வேகம் 75 வரை போயிருக்கும். கம்பனி மீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டுவதால் வண்டிக்கு வண்டி இது வேறுபடும். கைபேசியின் ஜிபிஎஸ்ஸோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடிய தூரமும் குறைவாகத்தான் பதியும். மீட்டரில் 4,670 கிலோமீற்றர் வரும்போதே எஞ்சின் ஒயில் 5,000 ஓடி முடித்திருக்கும்.

பழைய ஜிம்னிக்கு இது இன்னும் கடுமை. 205/70R15 கழற்றி 235/75R15 போட்டால் விட்டம் ஏறக்குறைய 10 வீதம் கூடும். 1.3 லீற்றர் எஞ்சின் பாவம், என்ன செய்யும்? அதைப் பூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய் வந்த ஒருவர் கிளச் மணக்குது என்று என்னிடம் வந்தார். ஜிம்னிக்கு நான் 215/75R15க்கு மேல் சொல்வதில்லை.

சரி, பாதைக்கு வருவோம். கொழும்பில் இருக்கும் உங்கள் வண்டி வருடத்தில் எத்தனை நாள் தார் இல்லாத பாதையில் ஓடுகிறது? வருகிற எல்லோரிடமும் இதைக் கேட்பேன். "வில்பத்து ரெண்டு தரம், மீமுரே ஒருக்கா" என்ற அளவில்தான் பதில் வரும். வில்பத்துப் பக்கமும் கற்பிட்டிப் பக்கமும் மணல். மணலில் உயரம் உதவாது, காற்றைக் குறைப்பதுதான் உதவும். 32 பிஎஸ்ஐ காற்று இருந்த டயரை 18 அல்லது 20க்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து மணலில் மிதக்கும். திரும்பி வரும்போது நிரப்ப ஒரு சின்னப் பம்பு போதும். நிரப்பாமல் தார் வீதியில் வேகமெடுத்தால் டயர் சூடாகிக் கிழியும் என்பதை மறக்க வேண்டாம்.

மீமுரே வேறு கதை. ஹுன்னஸ்கிரியவில் திரும்பி லூல்வத்தையைத் தாண்டினால் ஒடுங்கிய பாதை, கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பள்ளம். உயரம் கூடிய வண்டி அங்கே ஆடும். கூரையில் ரெக், அதற்கு மேல் இன்னொரு சக்கரம், இரண்டு தண்ணீர்க் கான் என்று ஏற்றிக்கொண்டு வளைவில் திருப்பினால் பின்சீட்டில் இருப்பவர் முருகா முருகா என்பார். மலையகத் தோட்டப் பாதைகளில் பிரச்சினை கல். லயத்துக்குப் போகும் கல் பதித்த பாதையில் டயர் வெடிப்பது பெரும்பாலும் தரையில் பதியும் பகுதியில் இல்லை, பக்கச்சுவரில். அங்கே வேண்டியது உயரமான டயர் இல்லை, சுவர் தடித்த டயர்.

அப்புறம் வெள்ளம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் மூழ்கியதைப் பார்த்தவர்கள், உயரமான வண்டி இருந்தால் தப்பலாம் என்று சொல்வார்கள். எஞ்சின் காற்று இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாவது, டிஃப்பின் மூச்சுக்குழாய். சூடான டிஃப் தண்ணீரில் இறங்கிக் குளிர்ந்ததும் அந்தக் குழாயால் தண்ணீரை உறிஞ்சும். ஒயிலைத் திறந்து பார்த்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். குழாயை நீட்டி எஞ்சின் அறைக்குள் உயர்த்திக் கட்டினால் போதும். தூக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இனித் தூக்குவது. பிராடோ, ஹைலக்ஸ், பஜேரோ போன்றவற்றின் முன்சக்கரங்கள் தனித்தனியாக ஆடுபவை. முன் டிஃப் சேசிஸோடு இருக்கிறது, சக்கரத்துக்குப் போகும் தண்டுகள் சீவி ஜொயின்ட் என்ற, வளைந்தபடியே சுழலும் மூட்டு வழியாகப் போகின்றன. தூக்கத் தூக்க அந்த வளைவு கூடும். முதலில் றப்பர் பூட் கிழியும், கிறீஸ் வெளியே தெறிக்கும், மண் உள்ளே போகும், பிறகு முழு வளைவில் டக் டக் என்று சத்தம். 2 அங்குலம் வரை பொதுவாகத் தாங்கும். அதற்கு மேல் என்றால் சக்கரத்தைச் சேசிஸோடு பிடித்திருக்கும் மேல் ஆமும் மாற்ற வேண்டும், டிஃப்பையும் கீழே இறக்க வேண்டும், செலவு எங்கோ போய்விடும். ஷொக்குக்கு மேலே வட்டத் தட்டு ஒன்றைச் செருகி உயர்த்துவது மலிவான வழி. ஆனால் சக்கரம் கீழே தொங்கக்கூடிய அளவை அந்தத் தட்டு தின்றுவிடும். குழியில் இறங்கும்போது ஆமின் நுனியில் இருக்கும் போல் ஜொயின்ட்டும் ஆமும் எல்லைக்குப் போய் இடிக்கும். தம்பியின் வண்டியில் இருந்தது அந்தத் தட்டுதான், அதுவும் 3 அங்குலத்துக்கு. ரம்பில் ஏற்றிப் பார்த்தபோது முன் இடது பக்கப் பிரேக் ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி இறுகி நின்றது. சக்கரம் இன்னும் கொஞ்சம் தொங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குக் கையால் இழுத்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

முன்னாலும் முழு அச்சு இருக்கும் ஜிம்னி, பழைய நிசான் பற்றோல், டிஃபெண்டர் போன்றவற்றில் தூக்கினால் முன் அச்சு சற்றே முன்பக்கம் உருண்டு காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, வேகத்தில் வண்டி அலையும், சிலவேளை முன்பக்கம் முழுதும் நடுங்கும். டயரைத் திரும்பத் திரும்ப பலன்ஸ் பண்ணி அலுத்தவர்கள் வருவார்கள். குற்றம் டயரில் இல்லை. காஸ்டரைச் சரிசெய்யும் புஷ் போட்டால்தான் தீரும். லீஃப் ஸ்பிரிங் உள்ள டபுள் கேப்பில் ஸ்பிரிங்கின் நுனியைச் சேசிஸோடு பிடிக்கும் ஷெக்கலை நீட்டித் தூக்குவதும், பொடிக்கும் சேசிஸுக்கும் இடையில் கட்டை வைத்துத் தூக்குவதும் எனக்குப் பிடிக்காத வேலைகள். கேட்டால் செய்ய மாட்டேன்.

டயர் உரசுகிறதா என்று நேராக நிறுத்தி வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு முன்சக்கரத்தைக் கட்டையில் ஏற்றி, மற்றதைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். உரசும் இடம் பெரும்பாலும் சக்கரத்துக்குப் பின்னால், பொடியைச் சேசிஸில் பூட்டும் பொடி மவுண்ட் இருக்கும் மூலை. முன்னால் என்றால் பம்பரின் உள்விளிம்பு. சக்கரத்தை வெளியே தள்ளும் ரிம் போட்டால் உரசாது என்பார்கள். உள்ளே உரசாது, திரும்பும்போது வெளி விளிம்பில் உரசும். பெயரிங்கும் சீக்கிரம் போகும்.

டயர் வாங்கப் பஞ்சிகாவத்தைக்கோ வேறெங்கோ போகிறவர்கள் பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3219 என்றால் 2019இன் 32ஆம் வாரம் செய்தது. தரையில் பதியும் பட்டன் ஆழமாக, புதிதுபோல மினுங்கினாலும் றப்பருக்கு வயது உண்டு. அளவுக்குப் பக்கத்தில் 112 என்பது போல ஓர் எண் இருக்கும், அது ஒரு டயர் தாங்கும் பாரம், 112 என்றால் 1,120 கிலோ. கம்பனி கொடுத்த எண்ணுக்குக் கீழே போக வேண்டாம். ஐந்தாவது டயரையும் சேர்த்து வாங்குங்கள். எந்நேரமும் நான்கு சக்கரமும் இழுக்கும் பிராடோ போன்ற வண்டியில், ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக நெடுந்தூரம் ஓடினால், முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் நடு டிஃப் ஓய்வில்லாமல் சுழன்று சூடேறும்.

வாகனப் பதிவுச் சான்றிதழில் டயர் அளவுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். வண்டியின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிட்டு, காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு வந்து பார்ப்பவர் முதலில் படம் பிடிப்பது சக்கரத்தைத்தான்.

தம்பியின் வண்டிக்கு என்ன செய்தோம்? தட்டுகளைக் கழற்றினோம். அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சாமானும் ஏறினால் எவ்வளவு பாரம் என்று கேட்டு, அதற்கேற்ற ஸ்பிரிங்கும் ஷொக்கும் போட்டு ஒன்றரை அங்குலம் உயர்த்தினோம். டயர் 265/70R17, விட்டம் 803, கம்பனி டயரை விட மூன்றரை வீதம்தான் கூட. ரெக்கை வேண்டும்போது பூட்டுகிற மாதிரி மாற்றிக்கொடுத்தேன். அலைன்மென்ட் செய்து ஹெட்லைட்டைத் தாழ்த்தினோம். தூக்கிய வண்டிகளில் இதை மறந்துவிடுவதால்தான் இரவில் எதிரே வருகிறவர் கண்ணைக் கசக்குகிறார்.

500 கிலோமீற்றர் ஓடியதும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஸ்பிரிங் படிந்து உயரம் சில மில்லிமீற்றர் இறங்கும், போல்ட்டுகளைத் திரும்ப முறுக்க வேண்டும், அலைன்மென்டையும் மறுபடி பார்க்க வேண்டும். புத்தளம் போய்வந்த மணலோடு வந்தார். பின்பக்க போல்ட்டுகளில் இரண்டு மட்டும் ஆளுக்குக் கால் சுற்று முறுகின, மற்றதெல்லாம் இருந்தபடியே இருந்தது. பழைய 285 டயர் ஐந்தும் இன்னும் என் கராஜ் மூலையில்தான் கிடக்கின்றன. வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் விலை கேட்கிறார்கள்.