குவாண்டம் பெட்டிக்குப் பணம் கட்டும் முன்

"இந்தக் குவாண்டம் பெட்டியை மாட்டிவிட்டால் மற்றதெல்லாம் தேவையில்லைதானே?" நெட்வொர்க் தணிக்கைக்குப் போகிற இடமெல்லாம் இதே கேள்வி. போன வாரமும் ஒருவர் கேட்டார். அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

குவாண்டம் பெட்டி என்பது குவாண்டம் சாவிப் பகிர்வுக் (QKD) கருவி. அது உங்கள் தரவை என்கிரிப்ட் செய்வதில்லை. மறுபடியும் சொல்கிறேன், செய்வதில்லை. 1984-இல் பென்னட், பிராசார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த பிபி84 முறையில் தொடங்கி இன்று விற்கும் கருவிகள் வரை வேலை ஒன்றுதான்: ஒளித்துகள்களை அனுப்பி, இரண்டு முனையிலும் ஒரே ரகசியச் சாவியை உருவாக்குவது. நடுவில் யாராவது ஒட்டுக்கேட்டால் பிழை விகிதம் எகிறும், தெரிந்துவிடும். அப்புறம் அந்தச் சாவியால் தரவைப் பூட்டுவது பெரும்பாலும் நமக்குப் பழகிய ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் முறைதான். எதிர்முனையில் இருப்பது சரியான ஆள்தானா என்பதையும் இந்தப் பெட்டி தானாகச் சொல்லாது. அங்கீகாரத்தை நீங்கள் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். அதில் கோட்டை விட்டால், நடுவில் இருப்பவன் இரு பக்கமும் தனித்தனிச் சாவி போட்டுக்கொண்டு நிம்மதியாகப் படிப்பான்.

"ஹேக் செய்யவே முடியாது" என்று விற்பனைத் தாளில் இருக்கும். இயற்பியல் விதியை உடைக்க முடியாதுதான், கருவியை உடைக்கலாமே! 2010-இல் வடீம் மகரோவ் இருந்த ஆய்வுக்குழு, சந்தையில் இருந்த கருவிகளில் ஒளித்துகளை உணரும் டிடெக்டர்களைப் பிரகாசமான ஒளியால் குருடாக்கி, சுவடே இல்லாமல் சாவியை எடுக்க முடியும் என்று காட்டியது.

தூரமும் இடிக்கும். சாதாரண ஃபைபரில் 100 கி.மீ. போனால் நூறு ஒளித்துகளில் ஒன்றுதான் மிஞ்சும். வழக்கமான ஆம்ப்ளிஃபையரும் வைக்க முடியாது. அதனால் நீண்ட தடங்களில் இடைநிலையங்கள் வைக்கிறார்கள். பெய்ஜிங்–ஷாங்காய் தடத்தில் சுமார் 2,000 கி.மீ.க்கு 32 நிலையங்கள். இத்தகைய நிலையங்களில் சாவி வெளிப்பட்டே நிற்கும், அந்த அறையின் பாதுகாப்புதான் உங்கள் பாதுகாப்பு. நான் பார்த்த ஒரு ரேக்கில், பாஸ்வேர்டை ஸ்டிக்கரில் எழுதிக் கதவிலேயே ஒட்டியிருந்தார்கள்.

இன்று இணையத்தில் பரவலாக இருக்கும் ஆர்எஸ்ஏ என்ற என்கிரிப்ஷன் முறையைக் குவாண்டம் கணினி உடைக்கும் என்ற பயம் நியாயமானதுதான். இன்று பதிவு செய்துவைத்ததை நாளை திறக்கலாம். ஆனால் அதற்குப் புதிய ஃபைபர் வேண்டாம். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி வெளியிட்ட எம்எல்-கேஇஎம், குவாண்டம் கணினிக்கும் தாங்கும்படி வடிவமைத்த சாவிப் பரிமாற்ற முறை; சாதாரண மென்பொருளாகவே ஓடும். சர்வர்களுக்குள் தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்ஹெச் மென்பொருள், பழைய முறையோடு இந்த வகைப் புதிய முறையையும் சேர்த்த கலப்பு முறையை 2022-லிருந்தே இயல்பாகப் பயன்படுத்துகிறது. தயவுசெய்து முதலில் அப்டேட் போடுங்கள். ஆர்எஸ்ஏ எங்கெங்கே இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள், பத்து வருடம் ரகசியமாக இருக்க வேண்டிய தரவை முதலில் மாற்றுங்கள்.

இதற்கும் மேலே பெட்டி வேண்டுமென்றால் சரி, வாங்குங்கள். அங்கீகாரம் எப்படி நடக்கிறது, இடைநிலையம் யார் கையில், டிடெக்டரைச் சோதித்தது யார் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.