கட்டை: மைல் போன பிறகும் நிற்கும் சொல்

"ஒன்பதாங்கட்டையில் இறங்கிக்கோ" என்று கோலாலம்பூரில் ஒருவர் சொன்னால், அவர் குறிப்பது செராஸ் சாலையில் நகரிலிருந்து ஒன்பதாவது மைலை. இந்தக் கட்டை விறகும் இல்லை, பாடகரின் சுருதியும் இல்லை.

சாலையோரத்தில் மைலுக்கு ஒன்றாக நட்டிருந்த குட்டைத் தூண்தான் கட்டை. நாளடைவில் தூணின் பெயர் தூரத்துக்கும் ஆகிவந்தது. மலாயில் 'பத்து' என்றால் கல்; மைலுக்கும் அதுவே பெயர். தமிழ்நாட்டில் 'ரெண்டு கல் தூரம்' என்பதும் இதே ஆகுபெயர்தான். இலங்கைத் தமிழர் பேச்சிலும் கட்டை என்றால் மைல். ஆகவே 'மைல்' என்ற கடன்சொல்லுக்குத் தமிழ் தேடுவோர் தொலைவு போக வேண்டியதில்லை: கல், கட்டை இரண்டும் நல்ல தமிழ். 'காதம்' மட்டும் வேண்டாம், அது பல மைல் நீளும், இடத்துக்கு இடம் மாறவும் செய்யும்.

எழுதும்போது ஒரு நுட்பம் உண்டு. 'ஐந்து கட்டை' என்றால் தூரம். 'ஐந்தாங்கட்டை' என்றால் ஊர். 'ஆம்' சேர்ந்தால்தான் இடப்பெயர்.

மொழிபெயர்ப்பில் சறுக்குவதும் இங்கேதான். எம்ஆர்டி ரயில் நிலையமான 'பத்து 11 செராஸ்' என்பதைத் தமிழ்க் கண் 'பத்து, பதினொன்று' என்று எண்ணாகப் படித்துவிடும். '11 கி.மீ.' என்று மாற்றுவது அதைவிடப் பெரிய பிழை, பதினோராங்கட்டை 17.7 கி.மீ. அதே சமயம் எல்லாப் பத்தும் மைல் ஆகாது. பத்துமலை சுங்கை பத்து ஆற்றின் பெயரால் வந்தது. பினாங்கின் பத்து ஃபெரிங்கியில் இருப்பது வெறும் பாறை. பின்னால் எண் வந்தால் பெரும்பாலும் மைல் என்று கொள்ளலாம்.

மைலின் வேர் இலத்தீனில் 'ஆயிரம் தப்படி'. வலக்கால் ஊன்றி மறுபடி வலக்கால் ஊன்றுவது ஒரு தப்படி. கிலோமீட்டரில் உள்ள 'கிலோ'வும் கிரேக்க ஆயிரமே, பிரெஞ்சுக்காரர்கள் 1795இல் ஏற்றுக்கொண்ட முன்னொட்டு. இரண்டும் ஆயிரம்தான், எண்ணிய பொருள்தான் வேறு: ஒன்றில் காலடி, மற்றதில் மீட்டர். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு என்றே மீட்டரை முதலில் வகுத்தார்கள். 1959 உடன்பாட்டின்படி ஒரு மைல் 1609.344 மீட்டர். மலேசியா 1972 எடை அளவைச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறைக்கு வந்தது. பிரிட்டனின் சாலைப் பலகைகள் இன்னும் மைலிலேயே இருக்கின்றன.

மனக்கணக்கில் கட்டையைக் கிலோமீட்டராக்க: கட்டையோடு அதில் பாதியையும் பத்தில் ஒன்றையும் கூட்டுங்கள். ஹூலு லங்காட் பதினான்காங்கட்டைக்கு 14, 7, 1.4, மொத்தம் 22.4. சரியான விடை 22.5. வண்டி மீட்டர் வேறு எண் காட்டினால் கணக்கைக் குறை சொல்ல வேண்டாம். கட்டை எண் பழைய சாலையின் தொடக்கத்திலிருந்து எண்ணியது. வளைவுகளை நிமிர்த்திய பிறகு தூரம் குறைந்திருக்கும், பெயர் மாறியிருக்காது.

நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோய் உதவிக்கு அழைக்கும்போது கட்டை உதவாது. பலகையில் உள்ள கிலோமீட்டர் எண்ணைப் புள்ளியோடு சொல்ல வேண்டும்: 256.4 என்றால் 256 கிலோமீட்டரும் 400 மீட்டரும். கூடவே வடக்கு நோக்கியா, தெற்கு நோக்கியா என்பதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இழுவை வண்டி எதிர்த் தடத்தில் வந்து நிற்கும்.